முதல் இரண்டு விநாடி

வண்டி இல்லை. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் பி-17 என்று மஞ்சள் பெயிண்டில் எழுதிய கட்டத்துக்குள் நான் மட்டும் நிற்கிறேன், வெறுங்காலோடு, நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் நீளமான ஸ்க்ரூ டிரைவரோடு. மணி ஐந்து முப்பத்தெட்டு. சாவி ஆணியில் இல்லை என்று பார்த்ததுமே லிஃப்டுக்குக்கூட நிற்காமல் நாலு மாடி இறங்கி ஓடிவந்தேன், வந்து பார்த்தால் கட்டம் காலி. திருட்டுப் போயிருக்குமோ என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. திருடனாக இருந்தால் பரவாயில்லை, திருடனிடம் நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. இவரிடம் சொன்னேன். நேற்றுச் சாப்பிடும்போது ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை. காலையில் நான்தான் முதலில் ஸ்டார்ட் பண்ண வேண்டும், அதுவரைக்கும் யாரும் வண்டியைத் தொடக் கூடாது, நீங்களும்தான் என்று சொன்னேன். நீங்களும்தான் என்று சொன்னேனா? சொன்னேன். தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னேன். ம் என்றார். அது வண்டிக்கு வந்த ம்மா, ரசம் போதும் என்பதற்கு வந்த ம்மா? இருபத்திரண்டு வருடமாக இந்த ம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எது எதற்கு வருகிறது என்று இன்னும் பிரிக்கத் தெரியவில்லை. பம்புக்குள் சுழலும் பேரிங்கின் ம்மைக் கேட்டே உள்ளே தேய்ந்திருப்பது உருண்டையா வளையமா என்று சொல்லத் தெரிந்த எனக்கு, கட்டின புருஷனின் ம் விளங்கவில்லை. வாட்ச்மேன் ஜெயராஜ் அண்ணன் பல் துலக்கிக்கொண்டே வருகிறார். "சார் அப்பவே எடுத்துட்டுப் போயிட்டாருங் மேடம், அஞ்சே காலுக்கு. டீ குடிக்கப் பேக்கரிக்குப் போறேன்னு சொன்னாருங். என்னா சத்தமுங் அது, சிங்கமாட்டம்." எடுக்கும்போது சத்தம் எப்படி இருந்தது, ஸ்டார்ட் பண்ணினவுடனே, அந்த முதல் நொடியில் என்று கேட்கிறேன். அவர் என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துவிட்டு, "நான் மேல கேட்டுப் பக்கம் இருந்தனுங், கீழ எடுத்தது எனக்குக் கேக்கலீங்" என்று சொல்லிவிட்டுக் குழாய்ப் பக்கம் போய்விட்டார்.

இதை யாரிடம் சொல்லி அழுவது. எஞ்சினுக்குள் ஒரு செயின் இருக்கிறது, சைக்கிள் செயின் போலத்தான், டைமிங் செயின் என்று பெயர். வால்வுகளை நேரம் தப்பாமல் திறந்து மூடவைப்பது அதன் வேலை. அதைத் தொய்யாமல் இழுத்துப் பிடித்திருக்கும் டென்ஷனர் என்ற சாமான் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. ராத்திரி முழுக்க வண்டி நின்றால் ஆயில் கீழே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் பண்ணும் முதல் இரண்டு விநாடி, ஆயில் மறுபடி மேலே ஏறுவதற்குள், செயின் தளர்ந்திருந்தால் கரகரவென்று கத்தும், தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கியதுபோல. இரண்டே விநாடி. அப்புறம் ஆயில் ஏறிவிடும், சத்தம் அடங்கிவிடும், நாள் முழுக்க ஒன்றுமே தெரியாது. அந்தச் சத்தம் வந்தால் வண்டி வேண்டாம், வராவிட்டால் வேண்டும். ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினிடம் வேறு எதையுமே நான் கேட்கப்போவதில்லை. பெயிண்டில் கீறல் இருக்கட்டும், சீட் கிழிந்திருக்கட்டும், கண்ணாடி இறங்கும்போது மாடு மாதிரி முனகட்டும். அந்த இரண்டு விநாடியை மட்டும் எனக்குக் கொடுத்திருக்கலாம். பிடிக்கவில்லையென்றால் இன்றைக்குக் காலை பத்து மணிக்குள் திருப்பிக் கொண்டுவந்து விடலாம், பேப்பரெல்லாம் அதற்கப்புறம்தான் அனுப்புவேன் என்று சுகுமாரன் சொல்லியிருக்கிறான். சுகுமாரன்தான் வண்டியை விற்றவன், நீலாம்பூரில் பழைய கார் யார்டு வைத்திருப்பவன், அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, இவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். இப்போது எஞ்சின் சூடாகிவிட்டது. ஆயில் இறங்க ஏழு மணி நேரமாவது வேண்டும். இவர் இந்த நிமிஷமே வந்து நிறுத்தினாலும் ஏழு மணி நேரம் என்றால் பன்னிரண்டே முக்கால். பத்து மணிக்கு நான் என்னத்தைக் கேட்பது, நான்கே கால் மணி நேரத்தில் எவ்வளவு ஆயில் இறங்கும், பாதி இறங்குமா, பாதி இறங்கினால் பாதிச் சத்தம் வருமா? வராது. சத்தத்தில் பாதி என்று ஒன்று கிடையாது. இருபத்தோரு வருடமாகப் பம்பு கம்பெனியில் கடைசி டெஸ்டிங்கில் நிற்கிறேன், ஸ்க்ரூ டிரைவர் முனையைப் பேரிங் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்கிறேன், சரி, தப்பு என்று இரண்டில் ஒன்றைத்தான் எழுதுவேன். லோடு லாரி வாசலில் நிற்கிறது கலாமணி, கொஞ்சம் பார்த்துப் போடம்மா என்று புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து நின்றாலும், குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத்தான் அடுத்த பம்புக்குப் போவேன். அங்கே என்னைத் திட்டியிருக்கிறார்கள், ஆனால் நான் கேட்பதற்கு முன்னால் பம்பை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனவன் ஒருத்தனும் இல்லை.

வீட்டில் மட்டும் என் காது ஒரு வியாதி. மிக்ஸி புஷ் போகப்போகிறது என்று சொன்னால் சிரிப்பார், நாலு நாளில் மிக்ஸி நின்றுவிட்டால் நீ வாய் வைத்தாய் நின்றுவிட்டது என்பார். அம்மா, இவளுக்கு எறும்பு நடந்தாக்கூடக் கேக்குமுங் என்று மாமியாரிடம் சொல்லிக் கேலி பண்ணுவார். கேலி பண்ணட்டும். ஆனால் நேற்று. நேற்றை நினைத்தால் எனக்கு இவர்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல்தான் அதிகம் வருகிறது, அதனால் மறுபடி இவர்மேலேயே கொண்டுபோய் வைக்கிறேன். நான் போட்ட திட்டம் வேறு. புதன்கிழமை லீவு போட்டு, காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் யார்டுக்குப் போய் நின்று, கேட்டைத் திறக்கச் சொல்லி, பனி படிந்த வண்டியை அப்படியே ஸ்டார்ட் பண்ணச் சொல்வது. பழைய வண்டி வாங்குகிறவன் அப்படித்தான் போவான். ஆனால் எங்கள் வீட்டில் வண்டி வாங்குவது என்றால் காலண்டர் தாள்தான் முதலில் பேசும். "ஏழரைக்கெல்லாம் எமகண்டம் வந்துரும் கண்ணு, அதுக்குள்ள முடியுமா உனக்கு? ஒம்பதே கால்ல இருந்து பத்தே கால் நல்ல நேரம், வண்டி கிழக்காலே பாத்து நிக்கோணும், அப்பத்தான் தொடோணும்" என்றார்கள் அத்தை. அதையாவது நமக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். இவர் முந்தின நாளே சுகுமாரனுக்கு ஃபோன் போட்டு, ஒன்பதே காலுக்கு வருகிறோம், மாலை போட்டு ரெடியாக வையுங்கள் என்று சொல்லிவிட்டார். ரெடியாக வையுங்கள். பரீட்சைக்கு வருகிற இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்கு முன்கூட்டியே தந்தி அடித்த மாதிரி. ரெடியாகத்தான் வைத்திருந்தான். கழுவித் துடைத்து, சாமந்தி மாலை போட்டு, கிழக்கே பார்த்து நிறுத்தி, டயருக்கடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழத்தையும் தாம்பாளத்தில் வைத்திருந்தான். நான் சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் பானெட்டில் பொட்டு வைத்தேன். வைத்த கை எடுப்பதற்குள் சந்தனம் காய்ந்து வெளுத்துவிட்டது. என் விரலுக்குக் கீழே அந்தத் தகடு தோசைக்கல்லாகக் கொதித்தது. தை மாசக் காலை, நிழலில் நின்ற வண்டி, எப்படிச் சுடும்? காலையிலிருந்து ஓட்டி ஓட்டிச் சூடு பண்ணி வைத்திருக்கிறான். எதற்கு ஒருத்தன் அப்படிச் செய்வான் என்று எனக்குத் தெரியும், இந்தக் கோயமுத்தூரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். வண்டி சுடுதே என்றேன். சொன்னேன், வாயைத் திறந்து சொன்னேன். சுகுமாரன் இவரைப் பார்த்து, "பூஜைக்குன்னு கொஞ்சம் ஓட்டிக் கொண்டாந்தேனுங் சார், வண்டி தங்கமாட்டம் இருக்குதுங்" என்றான். இது ஆறட்டும், சாயங்காலம் வந்து பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, அத்தை மணியைப் பார்த்து, "நல்ல நேரம் போயிட்டிருக்கு கண்ணு, அபசகுனமாப் பேசாதே" என்றார்கள். இவர் சூடத்தை ஏற்றினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற கை, சந்தனத்தோடு கும்பிட்டது. கும்பிட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டது. எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி இறக்கியதும் இவர்தான், அவினாசி ரோட்டில் ஓட்டி வந்ததும் இவர்தான், நீ மெதுவாப் பழகிக்கோ கலா என்று சொல்லிவிட்டு. அத்தையை டாக்ஸியில் அனுப்பிவிட்டு, இரண்டே பேர் உட்காரும் வண்டியில் என் வண்டிக்கு நான் விருந்தாளியாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முந்திவரைக்கும் வந்தவர்களுக்கெல்லாம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டியதும் இவர்தான், எஞ்சின் ஆறவே இல்லை. ஸ்டியரிங்கை இன்னும் நான் தொடவில்லை. நேற்று வாங்கினேன், இன்று பத்து மணிக்குக் கெடு, இதுவரைக்கும் தொடவில்லை.

ஆறு ஐந்து. நாலாவது தடவையாக ஃபோன் போடுகிறேன், அடித்து அடித்து நிற்கிறது. பேக்கரியில் எல்லாரும் வண்டியைச் சுற்றி நிற்பார்கள், ஒவ்வொருத்தராக உட்கார்ந்து பார்ப்பார்கள், இவர் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவைத்துக் காட்டிக்கொண்டிருப்பார். நின்றபடி உறுமவைக்காதீர்கள் என்று யார் சொல்வது. தரை சில்லென்று பாதத்தில் ஏறுகிறது, பக்கத்துக் கட்டத்துக்காரரின் ஸ்கூட்டரில் சாய்ந்துகொள்கிறேன். பேசாமல் வைத்துக்கொண்டால் என்ன? நாளைக் காலை கேட்கலாம், சத்தம் இல்லாவிட்டால் நல்லது, இருந்தால். இருந்தால் என்ன, செயின் மாற்றலாம். மாற்றலாம்தான், எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும், சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதுவரைக்கும் அறுந்து தொலையாமல் இருக்க வேண்டும். வாளையார் தாண்டி நூற்றிருபதில் போகும்போது அறுந்தால் வால்வெல்லாம் பிஸ்டனில் போய் மோதும், எஞ்சின் அந்த இடத்திலேயே இரும்புக்கடைக்குப் போகும், பின்னால் வருகிற லாரிக்காரன் பிரேக் பிடிப்பானா மாட்டானா. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பதினொரு வருடத்துக்கு முன்னால் எங்கள் முதலாளி மகன் இதே மாடல் வண்டியைக் கம்பெனிக்குக் கொண்டுவந்து, விளையாட்டாக, கலாமணியக்கா இதை டெஸ்ட் பண்ணுங்கள் பார்க்கலாம் என்றார். பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரை வைத்து, காதை வைத்தேன். அதுவரைக்கும் நான் கேட்டதெல்லாம் தண்ணி இறைக்கிற மோட்டார். இது பாடியது. ஆறு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, ஒரு இடத்திலும் இடித்துக்கொள்ளாமல், கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போனது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கிரீஸ் கையால் துடைத்துக்கொண்டேன். அந்தப் பாட்டுக்கு அடியில் செயின் மெல்லக் கரகரத்தது, சூடான எஞ்சினிலேயே கேட்கிற அளவுக்கு முற்றிப்போயிருந்தது. சொன்னேன். சிரித்தார். மூன்றாவது மாசம் கம்பெனி வாசலிலேயே அறுந்தது. அன்றிலிருந்துதான் ஷாப் ஃப்ளோரில் என் பேச்சை எதிர்த்துப் பேச யாருமில்லை. அன்றிலிருந்துதான் இந்த வண்டி எனக்கு வேண்டும் என்று ஆனது, நகை வேண்டாம், இடம் வேண்டாம், என் காதால் கேட்டு எடுத்த இந்த வண்டி. எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நான் கேட்டுத்தான் எடுப்பேன் என்று. நாளைக்கு இது வாசலில் அறுந்து நின்றால் புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு வார்த்தையும் பேச மாட்டார், அடுத்த தடவை நான் சிவப்பு ஸ்டிக்கர் எடுக்கும்போது லேசாகச் சிரிப்பார், அவ்வளவுதான். பணம் போனால் சம்பாதிக்கலாம். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் நான் அங்கே வெறும் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பொம்பளை. இதெல்லாம் யாரால்? எமகண்டத்தாலா, சுகுமாரனாலா, இவராலா? வண்டி சுடுதே என்று சொல்லிவிட்டு, சொன்னதே போதும் என்று நின்றாளே ஒருத்தி, அவளால்.

ஆறு இருபதுக்குச் சரிவில் விளக்கு தெரிகிறது. சத்தம் முதலில் வந்துவிட்டது, அது வருகிற விதத்தில் என் கோபம்கூட ஒரு நொடி விலகி நின்று கேட்கிறது, அவ்வளவு அழகு. கட்டத்துக்கு வெளியே நிறுத்திக் கண்ணாடியை இறக்குகிறார். "ஏன் கலா செருப்பில்லாம நிக்கறே? பேக்கரில ஒருத்தன் விடல, எல்லாரும் ஃபோட்டோ எடுத்துக்கிட்டாங்க."

"ஸ்டார்ட் பண்ணினப்ப சத்தம் கேட்டுதுங்களா?"

"என்ன சத்தம்?"

"முதல் ரெண்டு விநாடி. கரகரன்னு."

அவர் யோசிக்கிறார். நிஜமாகவே யோசிக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். "சாவி போட்டதும் பாட்டு வந்துருச்சு கலா. நேத்துப் போட்ட சவுண்டு அப்படியே இருந்துச்சு. ஒண்ணும் கேக்கலியே. கேட்டிருந்தா நான் சொல்ல மாட்டனா?"

எனக்குக் கத்த வேண்டும்போல இருக்கிறது. பேஸ்மென்ட்டில் கத்தினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். கத்தவில்லை. "நான் தொடாதீங்கன்னு சொன்னேன்" என்கிறேன்.

"சும்மா ஒரு ரவுண்டுதானே போனேன். வண்டிக்கு என்ன ஆச்சு இப்ப? நல்லாத்தானே இருக்கு. உனக்கு எல்லாத்துலயும் ஒரு சத்தம் கேக்கோணும்."

அவர் இறங்குவதற்குள் நான் சுகுமாரன் நம்பரைப் போட்டுவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டது ஏன் என்று தெரியவில்லை, அவரும் கேட்கட்டும் என்றுதான் இருக்கும். ரொம்ப நேரம் அடித்து, தூக்கக் குரலில் எடுக்கிறான். யார்டில் வண்டி எடுத்த கலாமணி பேசுகிறேன், வண்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்கிறேன். தூக்கம் கலைந்துவிட்டது அவனுக்கு.

"ஏனுங் மேடம், எதாச்சும் சத்தம் வருதுங்களா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படிங் மேடம்? சார் பக்கத்துல இருக்காருங்களா? சார்கிட்ட குடுங், நான் பேசிக்கறேன்."

இவர் கையை நீட்டுகிறார். யோசித்தெல்லாம் இல்லை, கை தானாக வருகிறது, எத்தனையோ ஃபோன் அந்தக் கைக்குப் போயிருக்கிறது, எலெக்ட்ரீஷியன், பேங்க்காரன், என் கண் டாக்டர்கூட. கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அவர்கள் இரண்டு பேரும் சிரித்துப் பேசி வைத்துவிடுவார்கள், வண்டி இங்கேயே நிற்கும், எனக்கும் வண்டி வேண்டும்தானே, வேண்டும், ஐயோ எவ்வளவு வேண்டும். நான் ஃபோனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

"சார் இங்கதான் நிக்கறார். கையெழுத்துப் போட்டது நான். என்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நேத்து நாங்க வர்றதுக்கு முன்னாடி வண்டிய எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணினீங்க, ஸ்டார்ட் ஆனப்ப என்ன கேட்டுச்சு?"

அந்தப் பக்கம் ஒரு ஃபேன் ஓடுகிறது. அதன் கெபாசிட்டர் போய்க்கொண்டிருக்கிறது. அவன் தொண்டையைச் செருமுகிறான், மேடம் என்கிறான், மறுபடி செருமுகிறான். கரகரக்கவில்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும், அது வரவில்லை. இவர் முகத்தைப் பார்க்கிறேன். நீட்டிய கை இன்னும் அப்படியே இருக்கிறது, ஆனால் தலை ஃபோன் பக்கம் சாய்ந்திருக்கிறது. கல்யாணமாகி முதல் தடவையாக நான் கேட்பதை இவரும் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

"பத்து மணிக்குள்ள கொண்டாங் மேடம்" என்று சுகுமாரன் சொல்கிறான், ரொம்ப மெதுவாக.

மேலே போய்ச் சுடிதார் மாற்றிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், வண்டிக் கூரையில் கையை வைத்துக்கொண்டு. சாவிக்குக் கையை நீட்டினேன், கொடுத்தார். சீட்டை முன்னால் இழுத்தேன், கண்ணாடிகளைத் திருப்பினேன், அவர் உயரத்துக்கு வைத்திருந்ததையெல்லாம் என் உயரத்துக்கு மாற்றினேன். பாட்டை நிறுத்தினேன். சாவியைத் திருகியதும் ஆறு சிலிண்டரும் எழுந்தன. சூடான எஞ்சின், ஒரு குறையும் சொல்ல முடியாத எஞ்சின், என் முதுகுத்தண்டு வரைக்கும் வந்தது. வாய்விட்டு அழுதுவிடலாம்போல இருந்தது. நேராகப் போனால் நீலாம்பூர் இருபத்தாறு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். நான் நேராகப் போகப்போவதில்லை. எங்கள் வடவள்ளியிலிருந்து மருதமலை அடிவாரம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி, ரோடு காலியாக இருக்கிற இடமெல்லாம் இரண்டாம் கியரில் வைத்து மேலே ஏற்றிக் கேட்கப்போகிறேன்.

அவர் ஜன்னல் பக்கம் குனிந்தார். "ரோட்ல லாரி ஜாஸ்தி இருக்கும் கலா, இது ஓட்டி உனக்குப் பழக்கமில்ல. நானும் வரட்டுமா?"

"வேண்டாங்க" என்றேன். "பத்து மணி வரைக்கும் இது என்னோட வண்டி."